மூன்று சென்டிமீட்டர் முடியில் மூன்று மாத அழுத்தம்

ஜெர்மனியில் ட்ரியர் என்று ஒரு பழைய ஊர். அங்குள்ள பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிளெமென்ஸ் கிர்ஷ்பாமும் அவருடைய சகாக்களும் 1993-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். சோதனைக்கு வருகிறவர், தான் ஒரு வேலைக்கான நேர்காணலுக்கு வந்திருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டும். தயாராகக் கொஞ்ச நேரம் தருவார்கள். பிறகு மூன்று பேர் முன்னால் நின்று, கையில் குறிப்பு எதுவும் இல்லாமல், 'இந்த வேலைக்கு நான்தான் சரியான ஆள்' என்று ஐந்து நிமிடம் பேச வேண்டும். எதிரே இருப்பவர்கள் சிரிக்க மாட்டார்கள், தலையாட்ட மாட்டார்கள். கேமரா ஓடிக்கொண்டிருக்கும். பேச்சு முடிந்ததும் அடுத்த இடி: 1022-இலிருந்து 13, 13-ஆக வாய்விட்டுக் கழித்துக்கொண்டே போக வேண்டும். 1009, 996, 983... ஓர் இடத்தில் தவறினாலும் மறுபடி 1022-க்குப் போக வேண்டும்.

பத்து நிமிடச் சித்திரவதை. முதல் இன்டர்வியூவில் நாக்கு ஒட்டிக்கொண்ட அனுபவம் உள்ளவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை.

இந்தச் சோதனையில் முக்கிய சாட்சி எச்சில்தான். பேச்சுக்கு முன்பும் பின்பும் பல முறை, ஒரு சிறிய பஞ்சுருளையை வாயில் அடக்கி, ஊறவைத்து, பிளாஸ்டிக் குழாயில் போட்டுக் கொடுக்க வேண்டும். அதிலிருக்கும் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மூன்று மடங்கு ஏறிவிடுகிறது. அது எப்போது உச்சத்தைத் தொடுகிறது என்பது இன்னும் சுவாரசியம். கணக்கில் திணறும்போது அல்ல. எல்லாம் முடிந்து வெளியே வந்து, 10 முதல் 20 நிமிடம் கழித்து. மனம் 'அப்பாடா' என்று உட்காரும் நேரத்தில் எச்சில் உச்சகட்டப் பதற்றத்தைக் காட்டுகிறது.

மனம் சொல்வதும் உடம்பு சொல்வதும் இப்படி விலகி நிற்கும் இடத்தில்தான் நம் கதை இருக்கிறது. எச்சிலையோ நாலு முடியையோ கொடுத்தால் உங்கள் மன அழுத்தத்தை எண்ணில் சொல்கிறோம் என்று இப்போது கடை விரித்திருக்கிறார்கள். எண் வரும், சந்தேகமில்லை. அது எதன் எண் என்பதைத்தான் யாரும் விளக்குவதில்லை.

கெட்ட பெயர் வாங்கிய ஹார்மோன்

தொப்பை விழுந்தால் கார்ட்டிசால், முகம் உப்பினால் கார்ட்டிசால், தூக்கம் வராவிட்டால் கார்ட்டிசால் என்று சமூக ஊடகங்களில் இதற்கு இன்று வில்லன் வேடம். ஆனால் இது அறவே சுரக்காதவர்கள் மாத்திரையாகவாவது அதை எடுத்துக்கொள்ளாமல் பிழைத்திருக்க முடியாது. அட்ரினல் சுரப்பி பழுதானால் ஆள் மெலிந்து, தோல் கறுத்து, எழுந்து நிற்கத் தெம்பில்லாமல் போவதை லண்டன் மருத்துவர் தாமஸ் அடிசன் 1855-லேயே எழுதிவைத்தார். அந்த நோய்க்கு இன்றும் அவர் பெயர்தான்.

சிறுநீரகங்களின் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கும் இரண்டு சிறு சுரப்பிகள்தான் அட்ரினல். மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைப்போதலாமஸ் ஒரு ரசாயன ஓலை அனுப்ப, அது பிட்யூட்டரிக்குப் போக, பிட்யூட்டரி இன்னொன்றை ரத்தத்தில் விட, அட்ரினல் கார்ட்டிசாலைச் சுரக்கும். ரத்தத்தில் சர்க்கரை ஏறும். அவசரத் தேவை இல்லாத வேலைகள் ஒத்திவைக்கப்படும். போதுமான அளவு சுரந்ததும் அந்தக் கார்ட்டிசாலே மூளைக்குப் போய், போதும் நிறுத்து என்று சொல்லும். இந்தக் குடும்பத்து ஹார்மோன்களைப் பிரித்தெடுத்து, மூட்டுவாத நோயாளிகளைப் படுக்கையிலிருந்து எழுப்பிக் காட்டிய எட்வர்ட் கெண்டல், ததேயுஷ் ரைஷ்டைன், பிலிப் ஹென்ச் ஆகிய மூவருக்கும் 1950-இல் நோபல் பரிசு கிடைத்தது.

கார்ட்டிசாலை மன அழுத்தத்தோடு சேர்த்துப் பேசும் வழக்கத்துக்கு வேர், மான்ட்ரியலில் எலிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த ஹான்ஸ் செல்யே. எந்த மருந்தை ஊசியில் ஏற்றினாலும், குளிரில் விட்டாலும், காயப்படுத்தினாலும் எலிகளுக்கு ஒரே மாதிரி அட்ரினல் வீங்கியது, வயிற்றில் புண் வந்தது. 1936-இல் 'நேச்சர்' இதழில் ஒரு குட்டிக் கடிதமாக அதை எழுதினார். அதில் மனக்கவலை பற்றியெல்லாம் பேச்சே இல்லை. குளிரும் காயமும் விஷமும்தான். இதை இங்கேயே நினைவில் வைத்துக்கொள்வது நல்லது, பின்னால் உதவும்.

அழுத்தம் எதுவும் இல்லாத நாளிலும் கார்ட்டிசால் சும்மா இருப்பதில்லை. நள்ளிரவை ஒட்டி அடிமட்டத்தில் கிடக்கும். விடியற்காலையில் ஏறத் தொடங்கும். கண் விழித்த அரை மணி, முக்கால் மணி நேரத்துக்குள் மேலும் பாதி அளவு எகிறும். பிறகு பகல் முழுக்க மெல்ல இறங்கும். ஆகவே 'என் கார்ட்டிசால் எவ்வளவு?' என்று கேட்பவரிடம் திருப்பிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எத்தனை மணிக்கு?

எச்சிலின் நேர்மை, எடுப்பவரின் நேர்மை

ரத்தத்திலேயே பார்த்துவிடலாமே என்று தோன்றும். பார்க்கலாம், பார்க்கிறார்கள். ஆனால் ஊசியைக் கண்டாலே சிலருக்குக் கார்ட்டிசால் ஏறும். அளக்கும் கருவியே அளவைக் கெடுத்துவிடும். இன்னொரு சிக்கலும் உண்டு. ரத்தத்தில் ஓடும் கார்ட்டிசாலில் 90 சதவீதத்துக்கும் மேல் புரதங்களோடு ஒட்டிக்கொண்டிருக்கும். வேலை செய்வது ஒட்டாமல் தனித்துத் திரியும் சொற்பப் பங்கு மட்டுமே. கர்ப்பிணிகளுக்கும் கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கும் அந்தப் புரதம் கூடுவதால், ரத்தப் பரிசோதனையில் கார்ட்டிசால் ஏகத்துக்கு ஏறியிருப்பதாகத் தெரியும். எச்சிலில் இந்தக் குழப்பம் குறைவு. உமிழ்நீர்ச் சுரப்பியைத் தாண்டி வாய்க்குள் வருவது அந்தத் தனித்திரியும் பங்குதான். வீட்டிலேயே, வலியில்லாமல், ஒரே நாளில் ஐந்தாறு முறை எடுக்கலாம். குழாயை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு அடுத்த நாள் கொண்டுபோய்க் கொடுத்தால் போதும்.

சுலபமாகத் தெரிகிறது அல்லவா? இங்கேதான் வில்லங்கங்கள் வரிசைகட்டுகின்றன.

சாப்பிட்டவுடன் எடுக்கக் கூடாது. பல் தேய்த்தவுடனும் கூடாது, ஈறில் ரத்தம் கசிந்தால் அது எச்சிலில் கலந்து கணக்கை ஏற்றிவிடும். அதிமதுரம் மென்றிருக்கக் கூடாது. தொண்டைக் கட்டுக்கு நாம் சாதாரணமாக வாயில் போட்டுக்கொள்ளும் அதிமதுரத்தில் உள்ள ஒரு பொருள், கார்ட்டிசாலைச் செயலிழக்க வைக்கும் ஒரு நொதியைத் தடுக்கிறது. உமிழ்நீர்ச் சுரப்பியில் அந்த நொதி நிறைய உண்டு. அது முடங்கினால் எச்சிலில் கார்ட்டிசால் தேங்கும். சில மெல்லும் புகையிலைகளிலும் அதே சரக்கு சேர்க்கப்படுவதால் அவற்றுக்கும் தடை. இரவு ஷிப்டு பார்ப்பவர்களுக்குக் கடிகாரமே தலைகீழ் என்பதால், வழக்கமான அளவுகோல் பொருந்தாது.

நம் ஊருக்கு முக்கியமான இன்னொன்று உண்டு. ஹைட்ரோகார்ட்டிசோன் என்று மருந்துக்கடையில் கிடைப்பது வேறெதுவும் இல்லை, கார்ட்டிசாலேதான். மருந்தாக வரும்போது அந்தப் பெயர். அரிப்புக்கு அந்தக் களிம்பைத் தடவிய விரலால் பஞ்சுருளையைத் தொட்டால், முடிவு வானத்துக்குப் போகும். சீட்டில்லாமல் ஸ்டீராய்டு களிம்பு வாங்கி முகத்தில் பூசும் பழக்கம் இங்கே எவ்வளவு பரவலானது என்று தோல் மருத்துவர்களைக் கேட்டால் தலையில் கை வைப்பார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை மனித சுபாவத்தில் இருக்கிறது. காலையில் கண் விழித்த நொடியில் ஒன்று, அரை மணி கழித்து ஒன்று என்று எடுக்கச் சொல்லி அனுப்புவார்கள். தூங்கிப்போய், அரை மணி தாமதமாக எடுத்துவிட்டு, தாளில் மட்டும் சரியான நேரத்தை எழுதிக் கொடுக்கும் ஆட்கள் எல்லா நாட்டிலும் உண்டு. பஞ்சுருளை டப்பாவின் மூடி எப்போது திறக்கப்படுகிறது என்று ரகசியமாகப் பதிவுசெய்யும் மின்னணு மூடிகளை வைத்துப் பார்த்தபோது இது அம்பலமானது. கண்காணிக்கப்படுவது தெரிந்தவர்கள் ஒழுங்காக எடுத்தார்கள்; தெரியாதவர்கள் இஷ்டத்துக்கு எடுத்தார்கள். முதல் எச்சிலைத் தாமதமாக எடுத்தால் காலை எகிறல் என்பதே காணாமல் போய்விடும். 'இவருக்குக் காலை எழுச்சி மந்தம், சோர்ந்துபோன உடம்பு' என்று ஆய்வறிக்கையில் ஏறும். அந்த மனிதர் செய்த குற்றம் அலாரத்தை அணைத்துவிட்டுத் திரும்பிப் படுத்தது மட்டும்.

முடிக்குள் ஒரு நாட்காட்டி

சர்க்கரை நோயாளிகள் உள்ள வீட்டில் இது எளிதாகப் புரியும். வெறும் வயிற்றில் பார்க்கும் சர்க்கரை அந்தக் காலையின் கதை. டாக்டரிடம் போவதற்கு முந்தைய இரண்டு நாள் வாயைக் கட்டிவிட்டு நல்ல எண்ணைக் காட்டிவிடலாம். ஹெச்பிஏ1சி என்ற 'மூணு மாசச் சர்க்கரை'யிடம் அந்தப் பாச்சா பலிக்காது. கார்ட்டிசாலுக்கு அப்படி ஒரு மூன்று மாதக் கணக்கு கிடைக்காதா என்று தேடியவர்கள் கடைசியில் வந்து நின்ற இடம் தலைமுடி.

தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. வேரில் முடி உருவாகும்போது ரத்தத்தில் இருக்கும் கார்ட்டிசால் கொஞ்சம் அதன் தண்டுக்குள் சிறைப்படுகிறது. தோலை ஒட்டிய முதல் மூன்று சென்டிமீட்டரில் கடந்த மூன்று மாதம் இருக்கும். அதற்கடுத்த மூன்றில் அதற்கு முந்தைய மூன்று மாதம். போதைப்பொருளைக் கண்டுபிடிக்கத் தடயவியலில் வெகுநாளாகப் பயன்பட்டுவந்த வித்தை இது. ஹார்மோனுக்கும் பயன்படும் என்பதை 2002-இல் லீ கோரெனும் சகாக்களும் காட்டியது இஸ்ரேலில் பாறை இடுக்குகளில் கூட்டமாக வாழும் ஹைராக்ஸ் என்ற சிறு விலங்குகளிடம். அடுத்த சில ஆண்டுகளில் மனிதர்களுக்கு வந்தது. கனடாவின் வெஸ்டர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ஸ்டான் வான் ஊம் குழுவும், ட்ரியரிலிருந்து டிரெஸ்டனுக்குப் போய்விட்ட அதே கிர்ஷ்பாமும் இதை முன்னெடுத்தார்கள்.

முடியைப் பிடுங்குவதில்லை, வெட்டுகிறார்கள். பின்னுச்சியில், மேல்முடிக்கு அடியில், வெளியே தெரியாத இடமாகப் பார்த்து, தோலை ஒட்டிக் கத்தரிக்கோல் வைப்பார்கள். அந்தப் பகுதியில் முடி ஏறக்குறைய ஒரே சீராக வளரும் என்பது காரணம். எந்தப் பக்கம் வேர், எந்தப் பக்கம் நுனி என்று குழம்பாமல் இருக்க நூல் கட்டி அடையாளம் வைத்து, அலுமினியத் தாளில் சுற்றி அனுப்புவார்கள். ஃப்ரிட்ஜ் தேவையில்லை, தபாலில் போகும். ஆய்வகத்தில் முதலில் ஐசோபுரப்பனாலில் அலசி, மேலே படிந்த வியர்வை, பிசுக்கு, களிம்பு எல்லாவற்றையும் கழுவுவார்கள். பிறகு பொடியாக நறுக்கியோ மாவாக அரைத்தோ, மெத்தனாலில் ஊறவைத்து உள்ளே இருப்பதை வெளியே இழுப்பார்கள். கிடைப்பது பிக்கோகிராம் கணக்கில். ஒரு கிராமை லட்சம் கோடியாகப் பங்கிட்டால் வரும் ஒரு பங்குதான் பிக்கோகிராம்.

எல்லை உண்டு. நுனியை நோக்கிப் போகப் போகக் கார்ட்டிசால் குறைகிறது. தலைக்குக் குளிக்கக் குளிக்கக் கரைகிறது, வெயில் தின்கிறது, சாயமும் ப்ளீச்சும் இன்னும் வேகமாகக் காலிசெய்கின்றன. இடுப்பு வரை கூந்தல் இருக்கிறதே, என் கல்யாண வருஷத்து அழுத்தத்தைக் கணக்குப் பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டால் ஆகாது. வேரிலிருந்து ஆறு சென்டிமீட்டரைத் தாண்டினால் நம்பிக்கை குறைவு. பழனியில் மொட்டை போட்டுவிட்டு வந்தவரிடம் மூன்று மாதம் பொறுத்தால்தான் ஏதாவது கேட்க முடியும். ஆனால் ஒரு சௌகரியம்: காலக்கணக்கு அவருக்குச் சுத்தமாகத் தொடங்கும். விலங்காய்வாளர்கள் அதைத்தான் செய்கிறார்கள், ஓர் இடத்தில் மழித்துவிட்டு, புதிதாக முளைத்ததை மட்டும் எடுப்பது. ஆண்கள் பலரிடம் மூன்று சென்டிமீட்டரே இருப்பதில்லை. இந்த ஆய்வுகளில் பெண்கள் கூடுதலாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இருந்தும் முடி சில பெரிய விஷயங்களைச் சொன்னது. இஸ்ரேலின் கெஃபர் சபா நகரிலுள்ள மெய்ர் மருத்துவமனையில், மாரடைப்போடு வந்த 56 ஆண்களிடமும், வேறு காரணத்துக்காகச் சேர்ந்த 56 ஆண்களிடமும் மூன்று சென்டிமீட்டர் முடி வாங்கினார்கள். 2011-இல் வெளியான முடிவில், மாரடைப்பு வந்தவர்களின் நடு அளவு மில்லிகிராமுக்கு 295 பிக்கோகிராம், மற்றவர்களுக்கு 225. மாரடைப்பு வந்த பிறகு ரத்தத்தில் கார்ட்டிசால் ஏறியிருந்தால் அது காரணமா, விளைவா என்று சொல்ல வழியில்லை. வலியே அதை ஏற்றியிருக்கும். ஆனால் இந்த முடி, நெஞ்சு வலிக்கு முந்தைய மாதங்களில் முளைத்தது. முடி என்ற சாட்சியின் பலம் அதுதான். சம்பவத்துக்கு முன்னால் எழுதப்பட்ட வாக்குமூலம் அது, பிறகு யாரும் திருத்த முடியாது.

பெருவில் தொல்லியல் இடங்களில் கிடைத்த, கி.பி. 550-க்கும் 1532-க்கும் இடைப்பட்ட மனிதர்களின் முடியிலும் கார்ட்டிசால் இன்னும் இருந்தது. பாலைவன வறட்சி அதைக் காத்துவைத்திருக்கிறது. சாவதற்கு முந்தைய மாதங்களில் அவர்களில் சிலருடைய அளவு ஏறி இறங்கியதை எமிலி வெப் குழு 2010-இல் எழுதியது. என்ன நேர்ந்தது என்று மட்டும் முடி சொல்லவில்லை.

வாய் ஒன்று சொல்ல, முடி ஒன்று சொல்ல

2017 வாக்கில் போதுமான ஆய்வுகள் சேர்ந்துவிட்டன. டோபியாஸ் ஸ்டால்டரும் சகாக்களும் அவற்றையெல்லாம் ஒன்றாகக் கொட்டி, 10,289 பேரின் தரவுகளை அலசினார்கள். நெடுநாள் அழுத்தத்துக்கு ஆளானவர்களின் முடியில், மொத்தமாகப் பார்த்தால், கார்ட்டிசால் 22 சதவீதம் கூடுதல். அழுத்தம் இன்னும் தீராமல் நடந்துகொண்டிருப்பவர்களுக்கு அது 43 சதவீதம். வேலை கிடைக்காமல் நெடுங்காலம் தவிப்பவர்கள், நினைவிழந்துபோன கணவரையோ மனைவியையோ வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்கள், ஷிப்டு மாறி மாறி உழைக்கும் இளைஞர்கள் என்று வெவ்வேறு குழுக்களில் இது தென்பட்டிருக்கிறது.

அதே அலசலில் இன்னொரு முடிவும் இருந்தது. விளம்பரங்களில் அது மட்டும் வருவதே இல்லை. 'கடந்த மாதத்தில் எத்தனை முறை உங்களால் சமாளிக்க முடியாது என்று தோன்றியது?' என்பது போன்ற கேள்வித்தாள்களில் மக்கள் நிரப்பிய பதிலுக்கும், அவர்கள் முடியில் இருந்த அளவுக்கும் நிலையான தொடர்பு எதுவும் இல்லை. நொந்துபோயிருக்கிறேன் என்று எழுதியவரின் முடி சாதாரணமாக இருக்கலாம். நன்றாக இருக்கிறேன் என்றவரின் முடி எகிறியிருக்கலாம்.

உடனே 'முடி பொய் சொல்லாது, மனிதன்தான் சொல்வான்' என்று தீர்ப்பு எழுதிவிடத் தோன்றும். அது அவசரம். நெடுந்தூர ஓட்டக்காரர்களின் முடியில் கார்ட்டிசால் கூடுதலாக இருந்திருக்கிறது. அவர்கள் அழுதுகொண்டு ஓடவில்லை, ஆசையாக ஓடுகிறார்கள். உடல் பருமன் கூடினால் முடி அளவும் கூடுகிறது. நிறைமாதக் கர்ப்பிணிக்கு ஏறுகிறது, அது இயற்கை. செல்யேயின் எலிகளுக்குக் குளிரும் காயமும் ஒன்றாகப் பட்டது போல, அட்ரினல் சுரப்பிக்குத் துக்கமும் மாரத்தானும் ஒரே கணக்கில் விழுகின்றன. உடம்பின் மீது விழுந்த சுமையைத்தான் அது எழுதுகிறது. சுமந்தவர் மகிழ்ந்தாரா, நொந்தாரா என்ற பத்தி அந்தப் படிவத்தில் இல்லை.

இன்னும் சிக்கலான உண்மை எதிர்த்திசையில் இருக்கிறது. போர், வன்முறை போன்ற பேரதிர்ச்சிக்குப் பிறகு ஆண்டுக்கணக்காக மனம் ஆறாமல் இருப்பவர்களில் பலருக்குக் கார்ட்டிசால் குறைவாகவே இருக்கிறது. நியூயார்க்கின் ரேச்சல் யெஹுடா, யூத இனப்படுகொலையிலிருந்து தப்பியவர்களிடம் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். நீண்ட காலம் உச்சத்தில் ஓடிய அமைப்பு பிறகு தணிந்து, அடங்கிப்போகிறது என்பது ஒரு விளக்கம். எதுவானாலும், வாழ்க்கையில் மிக மோசமானதைப் பார்த்த மனிதரின் ரிப்போர்ட்டில் 'அழுத்தம் குறைவு' என்று அச்சாகி வரக்கூடும். அதைக் கையில் வைத்துக்கொண்டு, உங்களுக்கு ஒன்றுமில்லை, போய் நிம்மதியாக இருங்கள் என்று சொல்வதைவிடக் கொடுமை என்ன இருக்கிறது?

முடியை ஒழுங்காகப் பயன்படுத்தினால் என்ன செய்யலாம் என்பதற்கு, நான் படித்தவற்றில் மிகவும் பிடித்தது ஜோர்டானிலிருந்து வந்த ஆய்வு. சிரியப் போரிலிருந்து ஓடிவந்த அகதிப் பிள்ளைகளும், ஜோர்டானியப் பிள்ளைகளுமாக 12 முதல் 18 வயதுக்காரர்கள். மெர்சி கார்ப்ஸ் என்ற தொண்டு நிறுவனம் அவர்களுக்கு எட்டு வாரம் விளையாட்டு, கைவினை, தொழில்திறன் என்று குழுவாக ஒரு திட்டம் நடத்தியது. இம்மாதிரித் திட்டங்களின் முடிவில் 'இப்போது எப்படி இருக்கிறீர்கள்?' என்று கேட்டால், சோறு போட்டவரிடம் யார் குறை சொல்வார்கள்? ஜோர்டானின் ரானா தஜானியும் யேல் பல்கலைக்கழகத்தின் கேத்தரின் பான்டர்-பிரிக்கும் அதனால் முடியையும் வாங்கினார்கள், திட்டத்தில் சேர்ந்தவர்களிடமும், காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களிடமும், பல முறை. 2018-இல் வெளியான முடிவில், திட்டத்தில் இருந்தவர்களின் கார்ட்டிசால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறங்கியிருந்தது. ஆனால் எல்லோருக்கும் இறங்கவில்லை. ஆரம்பத்திலேயே அளவு மிகக் குறைவாக, மரத்துப்போனது போல இருந்த பிள்ளைகளுக்கு அது ஏறியது. அவர்களுக்கு ஏறியதுதான் நல்ல செய்தி. கூடினால் கெட்டது, குறைந்தால் நல்லது என்ற ஒற்றைக் கோட்டை வைத்துப் பார்த்திருந்தால் அந்தப் பிள்ளைகளைத் தோல்விப் பட்டியலில் சேர்த்திருப்பார்கள்.

ஆய்வகத்துக்கு ஆய்வகம்

மூணு மாசச் சர்க்கரையோடு இதை ஒப்பிட்டோமே, அந்த ஒப்பீடு இங்கே உடைகிறது. ஹெச்பிஏ1சி 6.5 என்றால் மதுரையிலும் மான்ட்ரியலிலும் அதற்கு ஒரே பொருள். அப்படி ஆக்குவதற்குப் பல ஆண்டுகள் பாடுபட்டு அளவுகளைத் தரப்படுத்தினார்கள். முடிக் கார்ட்டிசாலுக்கு இதுவரை எல்லோரும் ஒப்புக்கொண்ட 'நார்மல்' எல்லை கிடையாது. எலைசா என்ற மலிவான முறையில் பார்த்தால் ஓர் எண், மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் பார்த்தால் அதைவிடப் பல மடங்கு குறைந்த எண். கார்ட்டிசாலின் சொந்தக்காரச் சேர்மங்களையும் எலைசா சேர்த்துப் பிடித்துவிடுவதுண்டு. யார் அதிகம், யார் குறைவு என்ற வரிசையில் இரண்டும் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. எண்கள்தான் ஒத்துப்போவதில்லை. ஒரு குழுவை இன்னொரு குழுவோடு ஒரே ஆய்வகத்தில் ஒப்பிடும் ஆராய்ச்சியாளருக்கு அதுவே போதும். தனி ஆளாகத் தன் ரிப்போர்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பவருக்குப் போதாது.

போதாக்குறைக்கு, முடியின் வேர்ப்பையே தனக்கென்று கொஞ்சம் கார்ட்டிசாலைத் தயாரித்துக்கொள்கிறது. 2005-இல் ஜெர்மனியில் ரால்ஃப் பவுஸ் குழு இதைக் காட்டியது. ஆக, முடியில் இருப்பதில் எவ்வளவு அட்ரினலிலிருந்து வந்தது, எவ்வளவு உள்ளூர்ச் சரக்கு என்பது முழுசாகத் தீராத வழக்கு.

முடிப் பரிசோதனையை அளவுக்கு மீறி நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஒன்டாரியோவிலேயே ஒரு கசப்பான பாடம் உண்டு. கார்ட்டிசால் விவகாரம் அல்ல அது, போதைப்பொருளும் மதுவும். டொரன்டோவின் குழந்தைகள் மருத்துவமனையில் இயங்கிய மதரிஸ்க் ஆய்வகம், பெற்றோரின் முடியைச் சோதித்து, இவர் போதைப் பழக்கம் உள்ளவர் என்று குழந்தை நல அமைப்புகளுக்கும் நீதிமன்றங்களுக்கும் ஆண்டுக்கணக்கில் அறிக்கை கொடுத்தது. முதல்கட்ட வடிகட்டலுக்கு மட்டுமே உகந்த முறையில் வந்த எண்கள், உறுதிசெய்யப்படாமலே தீர்ப்புகளில் ஏறின. ஓய்வுபெற்ற நீதிபதி சூசன் லாங் 2015 டிசம்பரில் கொடுத்த அறிக்கை, 2005 முதல் அந்த ஆய்வகம் செய்த பரிசோதனைகள் நம்பத்தகாதவை என்றது. பின்னர் வந்த ஆணையம் 1,271 வழக்குகளை எடுத்துப் பார்த்து, 56-இல் அந்தப் பரிசோதனை முடிவைக் கணிசமாகப் பாதித்திருப்பதாக 2018-இல் சொன்னது. பிள்ளைகள் தத்துப்போய்ப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

நாளை ஒரு கம்பெனி, ஊழியர் நலன் என்ற பெயரில் ஆண்டு மருத்துவப் பரிசோதனையோடு நாலு முடியையும் கேட்கலாம். 'அழுத்தத்தைத் தாங்காதவர்' என்று ஒரு கோப்பில் குறிப்பு ஏறலாம். வேலை ஏற்படுத்திய சுமையைக் காட்டும் எண், வேலை செய்பவரின் குறையாக எழுதப்படும். எண்ணுக்கு இருக்கும் மரியாதை அப்படி.

பேச முடியாதவர்களிடம்

இந்த வித்தை மிக இயல்பாகப் பொருந்துவது, எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் பதில் சொல்ல முடியாதவர்களிடம். பச்சிளங்குழந்தையின் தலைமுடியில் கருப்பையின் கடைசி மாதங்கள் இருக்கின்றன. ஸ்வீடனின் லின்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தில் 58 நாய்களின் முடியையும், அவற்றை வளர்க்கும் பெண்களின் முடியையும் கோடையிலும் குளிர்காலத்திலும் எடுத்துப் பார்த்தார்கள். எஜமானிக்கு ஏறியிருந்தால் நாய்க்கும் ஏறியிருந்தது. நாயின் குணத்தைவிட எஜமானியின் குணமே நாயின் அளவோடு அதிகம் பொருந்தியது. 2019-இல் அது வெளியானபோது உலகம் முழுக்க நாய் வளர்ப்பவர்கள் குற்ற உணர்ச்சியில் ஆழ்ந்தார்கள்.

காட்டு யானையிடம் எச்சிலோ முடியோ கேட்டு வாங்க முடியாது. அது போட்டுவிட்டுப் போகும் சாணம் போதும். கார்ட்டிசால் சிதைந்து வெளியேறும் பொருட்கள் அதில் உண்டு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் சஞ்சீதா சர்மா போகரேல், ராமன் சுகுமார் உள்ளிட்டோர் முதுமலை, பந்திப்பூர்க் காடுகளில் சாணம் சேகரித்துப் பார்த்தபோது, உடல் மெலிந்த யானைகளுக்கு அழுத்த ஹார்மோன் கூடுதலாக இருந்தது. பிறகு கர்நாடகத்தில் வயல்களில் புகுந்து மேயும் யானைகளையும் காப்புக்காட்டு யானைகளையும் ஒப்பிட்டார்கள். பட்டாசும் தீப்பந்தமும் துரத்தலுமாக வாழும் வயல்வெளி யானைக்குத்தானே அதிகம் இருக்கும் என்று நாம் நினைப்போம். அவற்றுக்குக் குறைவாக இருந்தது. ராகியும் நெல்லும் வயிறாரக் கிடைப்பதுதான் காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. அதற்காக யானைக்கு ஊருக்குள் வருவது நல்லது என்று யாராவது முடிவுகட்டினால், ஹார்மோன் எண்ணையே முழுக் கதையாகப் படிக்கும் அதே தப்புதான்.

அப்படியானால் யாருக்கு?

'அட்ரினல் சோர்வு' என்று ஒரு நோயைச் சொல்லி, அதற்கு நாலு வேளை எச்சில் கிட் விற்று, வரைபடம் போட்டுக் கொடுத்து, கூடவே பொடியும் மாத்திரையும் விற்கும் வியாபாரம் அமெரிக்காவில் தொடங்கி இணையம் வழியாக எங்கும் வந்துவிட்டது. நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்களின் அமைப்புகள் அப்படி ஒரு நோயை ஏற்றுக்கொள்ளவில்லை. பிரேசிலின் கடேஜியானி, கேட்டர் இருவரும் 2016-இல் இருக்கிற ஆய்வுகளையெல்லாம் புரட்டிப்பார்த்துவிட்டு, அப்படி ஒரு நோயே இல்லை என்று தலைப்பிலேயே எழுதினார்கள். சோர்வு நிஜம்தான். ரத்தசோகை, தைராய்டு, தூக்கத்தில் மூச்சுத் திணறல், மனச்சோர்வு என்று அதற்குப் பார்க்க வேண்டிய காரணங்கள் வரிசையாக இருக்கின்றன. கிட்டில் போகும் காசில் அவற்றைப் பார்த்துவிடலாம்.

எச்சில் கார்ட்டிசால் ஒரு தனி மனிதருக்கு நேரடியாக, உறுதியாகப் பயன்படும் இடம் ஒன்று இருக்கிறது. அது மன அழுத்தமே அல்ல. பிட்யூட்டரியிலோ அட்ரினலிலோ கட்டி வந்து கார்ட்டிசால் கட்டுக்கடங்காமல் சுரக்கும் குஷிங் நோய்க்குறிதான் அந்த இடம். முகம் உருண்டு சிவக்கும். கை கால் மெலிந்து வயிறு மட்டும் பெருக்கும். வயிற்றில் அகலமான ஊதாக் கோடுகள் விழும். லேசாக இடித்தாலே கன்றிப்போகும். உட்கார்ந்த இடத்திலிருந்து கையூன்றாமல் எழ முடியாது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் சின்ன வயதிலேயே வரும். இவர்களுக்கு நள்ளிரவிலும் கார்ட்டிசால் இறங்காது. அதனால் படுக்கப்போகும் நேரத்தில், குறைந்தது இரண்டு இரவுகள் எச்சில் எடுத்துப் பார்ப்பதை, இந்த நோய்க்கான முதல்கட்டப் பரிசோதனைகளில் ஒன்றாக அமெரிக்க எண்டோகிரைன் சொசைட்டியின் 2008 வழிகாட்டி ஏற்றுக்கொண்டது. ஏறி ஏறி இறங்கும் வகைக் குஷிங் நோய்க்குறியில், எந்த மாதம் ஏறியது என்று பார்க்கத் தலைமுடியும் கைகொடுத்திருக்கிறது. இந்த அறிகுறிகள் சேர்ந்து தென்பட்டால் போக வேண்டியது நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம். போகும்போது, கடைசி ஆறு மாதத்தில் பூசிய களிம்பு, இழுத்த இன்ஹேலர், மூட்டில் போட்டுக்கொண்ட ஊசி, பெயர் தெரியாத பொடி என எல்லாவற்றையும் எழுதிக் கொண்டுபோக வேண்டும். இந்த அறிகுறிகளோடு வருபவர்கள் பலருக்குக் கட்டி எதுவும் இருப்பதில்லை. அந்தப் பட்டியலில்தான் காரணம் இருக்கும்.